கண்ணுக்குக் கீழே ஊசி: கூடுமா, கூடாதா?

 

சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து ஹவ்ளுக் கரையில் அமர்ந்திருந்தோம். சாகுபுரம் ஆலையில் ஷிப்டு வேலை பார்க்கும் காக்கா ஒருவர் வந்து ஸலாம் சொன்னார். பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து மெதுவாகப் பேச்சைத் தொடங்கினார். அவருடைய மூத்த மகளுக்கு நிகாஹ் பேசி முடித்திருக்கிறார்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெண்களில் ஒருவர், "பிள்ளை நல்ல பிள்ளைதான், கண்ணுக்குக் கீழே குழி விழுந்து சீக்காளி மாதிரி தெரியுது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஒரு சொல் வீட்டுக்குள் விழுந்த நாள் முதல் பிள்ளை கண்ணாடி முன் நிற்பதும் அழுவதுமாக இருந்ததாம். தூத்துக்குடியில் ஓர் அழகு நிலையத்தில் விசாரித்திருக்கிறார்கள். கண்ணுக்குக் கீழே ஊசி போட்டால் கால் மணி நேரத்தில் குழி நிரம்பிவிடும், ஏறக்குறைய ஓராண்டு நிற்கும், பிறகு தானே கரைந்துபோகும் என்று அங்கே சொன்னார்களாம். "இது கூடுமா, ஆலிம்சா?" என்று கேட்டார்.

நாம் அதிகம் யோசிக்கவில்லை. பச்சை குத்துவதைப் போல நிலைத்து நிற்பதல்ல; மருதாணியைப் போல நாளடைவில் போய்விடுவது; அதில் சேர்ந்த பொருள் நஜீஸாக இல்லாவிட்டால் கூடும் என்றே தோன்றுகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டோம். ஆறுதலோடு போனார். அன்றிரவு இஷாவுக்குப் பின், நமக்குப் பழக்கமான கண் மருத்துவர் ஒருவரோடு வேறொரு காரியமாகத் தொலைபேசியில் பேச நேர்ந்தது. பேச்சுவாக்கில் இதையும் சொன்னோம். அவர் சற்று நேரம் மெளனமாக இருந்துவிட்டு, "ஊசி போடுவது டாக்டரா, வேறு யாருமா?" என்று கேட்டார். அதன் பிறகு அவர் சொன்னவற்றைக் கேட்டு நம் உறக்கம் போயிற்று.

ஃபில்லர் என்று சொல்லப்படும் இந்த ஊசிமருந்து தோலுக்கடியில் செலுத்தப்படும் ஒரு வகைக் கூழ். இன்று பெரும்பாலும் பயன்படுவது ஹயலுரானிக் அமிலம் என்னும் பொருளால் ஆனது. இது மனித உடலிலேயே உள்ள ஒன்று. 1934இல் கார்ல் மேயர், ஜான் பால்மர் என்ற இரு ஆய்வாளர்கள் மாட்டின் கண்ணுக்குள் இருக்கும் பளிங்கு போன்ற கூழிலிருந்துதான் இதை முதன்முதலில் பிரித்தெடுத்தார்கள் என்பது வியப்புக்குரிய செய்தி. கண்ணுக்குள்ளிருந்து கிடைத்த பொருளே இன்று கண்ணுக்கு ஆபத்தாக வந்து நிற்கிறது. முன்பு சேவலின் கொண்டையிலிருந்து இதை எடுத்தார்கள். இப்போது பெரும்பாலும் நுண்ணுயிர்களை வளர்த்து எடுக்கிறார்கள். ஆகவே நஜீஸ் என்ற பேச்சு இந்த வகையில் அனேகமாக எழவில்லை. பன்றியிலிருந்து எடுத்த கொலாஜன் என்ற வேறொரு வகையும் இருந்ததால், எதுவானாலும் கேட்டறியாமல் உடலில் ஏற்றிக்கொள்ளக் கூடாது.

நாம் அஞ்ச வேண்டியது பொருளைப் பற்றி மட்டுமல்ல, அது போய்ச் சேரும் இடத்தைப் பற்றியும்தான். முகத்தில் மூக்கின் ஓரத்திலும், புருவங்களுக்கு நடுவிலும், கண்ணைச் சுற்றிலும் ஓடுகிற மெல்லிய இரத்தக் குழாய்கள் கண்ணுக்குள் செல்லும் குழாயோடு தொடர்புடையவை. ஊசிமுனை தெரியாமல் அக்குழாய்களில் ஒன்றில் நுழைந்துவிட்டால், மருந்தை அழுத்துகிற வேகத்தில் அது இரத்த ஓட்டத்தை எதிர்த்துப் பின்னோக்கிச் செல்கிறது. அழுத்தம் நின்றதும் இரத்தம் அதை முன்னோக்கித் தள்ளிக்கொண்டு போய் விழித்திரைக்கு உணவூட்டும் குழாயில் அடைத்துவிடுகிறது. விழித்திரை இரத்தமின்றி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான் தாங்கும் என்கிறார்கள். அதற்குமேல் போன பார்வை போனதுதான். இந்தக் கூழைக் கரைக்கிற மாற்று மருந்து ஒன்று உண்டு. ஆயினும் கண்ணுக்குள் அடைத்த பிறகு அதைக் கொண்டு பார்வையை மீட்டவர்கள் மிகச் சிலரே. அழகு நிலையத்து நாற்காலியில் இருப்பவளை அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் எந்தக் கண் மருத்துவமனைக்கு, யார் கொண்டு சேர்ப்பது?

2015ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, உலக மருத்துவ ஏடுகளில் அதுவரை பதிவாகியிருந்த இத்தகைய பார்வையிழப்புகளைத் திரட்டியபோது 98 பேர் கணக்கில் வந்தார்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஏற்றப்பட்டது அவரவர் உடலிலிருந்தே எடுத்த கொழுப்பு. அதே ஆண்டு மே மாதம் அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம், முகத்து இரத்தக் குழாய்களுக்குள் இந்த ஊசிமருந்து தவறிப் போவதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. பார்வை போவதோடு பக்கவாதமும் வரலாம், தோல் கறுத்து அழுகலாம் என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. உலகெங்கும் எத்தனையோ இலட்சம் பேர் போட்டுக்கொள்கிற ஊசியில் இது மிக அரிதாக நேர்வது என்பதையும் நாம் மறைக்கக் கூடாது. அரிதல்லாதவையும் உண்டு: மாதக்கணக்கில் வடியாத வீக்கம், தோலுக்கடியில் கட்டி, சீழ், கண்ணுக்குக் கீழ் நீலம் பூத்தது போன்ற நிறமாற்றம். குழியை மறைக்கப் போய் நீலத்தைப் பெற்று வருகிறவர்கள் உண்டு. தானே கரைந்துபோகும் என்ற பேச்சும் முழு உண்மையல்ல. பல ஆண்டுகள் கழித்து ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது கண்ணுக்குக் கீழே அந்தக் கூழ் அப்படியே தங்கியிருந்தது கண்டறியப்பட்டிருக்கிறது. மருதாணி என்று நாம் சொன்ன உவமை அப்போதே உடைந்துபோயிற்று.

நம் மாநிலத்திலும் இது பேச்சுக்கு வந்ததுதான். 2021 ஏப்ரலில் திரைப்பட நடிகை ரைஸா வில்சன், கண்ணுக்குக் கீழே பெரிதாக வீங்கிய தம் முகத்தின் படத்தை வெளியிட்டார். சென்னையில் ஒரு தோல் மருத்துவரிடம் சாதாரண முகச் சிகிச்சைக்குப் போன இடத்தில், தமக்குத் தேவையில்லாத ஒன்றைத் தம்மீது திணித்துவிட்டதாகக் குற்றம் சாட்டினார். மருத்துவர் அதை மறுத்தார். ஃபில்லருக்குப் பின் இத்தகைய வீக்கம் வருவது வழக்கம்தான், தாமே வடிந்துவிடும் என்றார். இருவரில் யார் சொல் சரி என்று தீர்ப்புச் சொல்ல நாம் சாட்சியல்ல. தெரியாத காரியத்தில் நாவை அடக்குவதே நமக்குக் கடமை. ஆனால் மருத்துவரின் பதிலையே எடுத்துக்கொள்வோம். முகம் அவ்வாறு வீங்குவது வழக்கமானதே என்றால், அதைப் பதினைந்து நிமிட வேலை என்று சொல்லி விற்கலாமா?

இனி மார்க்கத்துக்கு வருவோம்.

அழகை மார்க்கம் வெறுக்கவில்லை. அல்லாஹ் அழகன், அழகை விரும்புகிறவன் என்ற கருத்துடைய ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருப்பதை வாசகர்கள் அறிவார்கள். தலைவாருவது, மணம் பூசுவது, நரைக்கு மருதாணி இடுவது, கண்ணுக்குச் சுர்மா இடுவது எல்லாம் நம் பெருமானார் (ஸல்) அவர்கள் காட்டித் தந்தவை. சுர்மாவைப் பற்றி ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்மித் என்னும் சுர்மாவைச் சிறப்பித்தபோது, அது பார்வையைத் தெளிவாக்கும், இமைமுடியை வளர்க்கும் என்றே காரணம் அருளினார்கள். கண்ணை அழகாக்குவது கண்ணுக்கு நலம் செய்வதாகவும் இருந்தது. (இன்று கடைகளில் சுர்மா என்ற பெயரில் விற்பவற்றில் பல ஈயம் கலந்தவை, குழந்தைகளுக்கு அது நஞ்சு. ஸுன்னத்தின் பெயர் பொட்டலத்தின் மேல் இருப்பதனால் உள்ளே இருப்பது ஸுன்னத்தாகிவிடாது. இதைத் தனியே ஒரு முறை எழுத வேண்டும்.)

அடுத்து, அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவது. மனிதர்களை அவ்வாறு மாற்றும்படி ஏவுவேன் என்று ஷைத்தான் சூளுரைத்ததை அந்நிஸா அத்தியாயத்தின் 119ஆம் வசனம் எடுத்துக் கூறுகிறது. பச்சை குத்தும் பெண்களையும், அழகுக்காகப் பல்லை அராவி இடைவெளி உண்டாக்கும் பெண்களையும் சபிக்கும் ஹதீஸை இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வாயிலாகப் புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்திருக்கிறார்கள். அதில் வரும் "அழகுக்காக" என்ற சொல்லைப் பிடித்துத்தான் இமாம் நவவி (ரஹ்) அவர்கள், சிகிச்சைக்காகவோ பல்லில் உள்ள குறைக்காகவோ செய்தால் குற்றமில்லை என்று விளக்கம் தந்தார்கள்.

குறை என்பது எது, அழகு என்பது எது? இம்மஸ்அலாவின் உயிரே இந்தக் கேள்விதான். இரண்டு ஸஹாபாச் சம்பவங்கள் இதில் நமக்கு வழிகாட்டுகின்றன. அர்ஃபஜா (ரலி) அவர்கள் அறியாமைக் காலத்தில் குலாப் என்ற போரில் மூக்கை இழந்தவர்கள். வெள்ளியில் மூக்குச் செய்து பொருத்தினார்கள். அது துர்நாற்றம் வீசியது. தங்கத்தால் செய்துகொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். ஆண்களுக்கு ஹராமான தங்கத்தையே மூக்கிழந்த ஒருவருக்காக அனுமதித்தார்கள். மற்றொன்று, ஒரு தாய் வந்து கேட்ட கேள்வி. மகள் புதுமணப் பெண். நோய் கண்டு தலைமுடி உதிர்ந்துவிட்டது. வேறு முடி வைத்துச் சேர்க்கலாமா? கூடாதென்று தடுத்தார்கள், அவ்வாறு சேர்ப்பவளையும் சேர்க்கச் சொல்பவளையும் அல்லாஹ் சபிப்பதாகவும் எச்சரித்தார்கள்.

இந்த இரண்டாவது ஹதீஸை மதரஸாவில் ஓதிய நாளில் நாம் வேகமாகக் கடந்துபோனோம் என்பதே உண்மை. இப்போது அந்தக் காக்காவின் முகத்தை நினைத்துக்கொண்டு படித்தபோது நெஞ்சு கனத்தது. அங்கேயும் ஒரு பெண், ஒரு கல்யாணம், கவலைப்படுகிற ஒரு பெற்றவள். அதுவும் உண்மையான நோய். இருந்தும் அனுமதி இல்லை. ஏன்? எந்த முடி, கணவன் இருக்கிறானா, சம்மதித்தானா என்றெல்லாம் நம் ஷாஃபிஈ கிதாபுகளில் விரிவு உண்டு. அதற்குள் இப்போது போகவில்லை. இமாம்கள் பலர் சொன்ன ஒரு காரணம், அதில் ஏமாற்று இருக்கிறது என்பது. தங்க மூக்கைப் பார்த்து அதைச் சதை மூக்கு என்று யாரும் எண்ணப்போவதில்லை. அது போனதை ஈடு செய்வது; ஒட்டு முடியோ இல்லாததை இருப்பதாகக் காட்டுவது. நிகாஹின் வாசலில் நின்றுகொண்டு ஓராண்டுக்கு மட்டும் ஒரு முகத்தை வாங்கிக் காட்டினால், ஓராண்டு கழித்து அந்த வீட்டில் எந்த முகத்தோடு நிற்பது?

ஆகவே விபத்தில் கண்குழி சிதைந்தவருக்கும், முகவாதம் கண்டவருக்கும், 2021இல் கொரோனாவைத் தொடர்ந்து வந்த கறுப்புப் பூஞ்சை நோயில் கண்ணையும் எலும்பையும் இழந்தவர்களுக்கும் மருத்துவர் இப்படி ஒன்றைச் செய்யச் சொன்னால், அது அர்ஃபஜா (ரலி) அவர்களின் மூக்கைச் சேர்ந்தது, தாராளமாகச் செய்யலாம். பிறவியிலேயே சற்றுப் பள்ளமான கண், இரவு விழித்த கண், வயது ஏறிய கண் ஆகியவை அந்த வகையைச் சேர மாட்டா. உலக இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ரஜாயாவில் கூடி, உறுப்புகளின் குறையை நீக்கும் சிகிச்சையை அனுமதித்தது. முகச் சுருக்கங்களை அறுவையாலோ ஊசியாலோ நீக்குவதை, அது நோயாக இருந்து தீங்கு வராது என்ற உறுதியும் இருந்தாலொழியக் கூடாது என்றும் தீர்மானித்தது. அதற்கு முந்திய ஆண்டே மலேசிய உலமாக்கள் போடாக்ஸ் ஊசியைப் பற்றி ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்திருந்தார்கள். தற்காலிகமானது படைப்பை மாற்றுவதாகாது என்று சொல்லும் ஆலிம்களும் இன்று இருக்கிறார்கள். நாமும் ஒரு மாலைப் பொழுதில் அவர்களோடுதான் இருந்தோம்.

அந்த வாதத்தை ஒப்புக்கொண்டாலும் ஆபத்து என்ற கேள்வி நிற்கிறது. சிலர் சொல்வார்கள்: "திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போவதிலும்தான் ஆபத்து இருக்கிறது. உங்கள் ஊசியில் கண் போவது இலட்சத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ. அதற்காக ஹராம் என்பதா?" இது அலட்சியப்படுத்தக் கூடிய வாதமல்ல. நம் கடற்கரையே இதற்குச் சான்று. மன்னார் வளைகுடாவில் நம் முன்னோர் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு முத்துக்குளிக்க இறங்கினார்கள். காது கிழிந்தவர்கள், சுறாவுக்கு இரையானவர்கள், மூச்சடைத்து மாண்டவர்கள் எத்தனை பேர்! தூத்துக்குடியில் 1961இல் நடந்ததே கடைசி முத்துக்குளிப்பு. அதுவரை எந்த ஆலிமும் அந்தத் தொழிலை ஹராம் என்று சொன்னதாக நாம் கேட்டதில்லை. ஆனால் அவர்கள் இறங்கியது பிள்ளைகளின் வயிற்றுக்காக. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் மனிதனின் நலன்களை மூன்று படிகளாகப் பிரித்தார்கள்: இன்றியமையாதது, தேவையானது, மெருகூட்டுவது. மேல்படியில் உள்ளதற்காகக் கீழ்ப்படியில் உள்ளதைச் சிறிது இடருக்கு உள்ளாக்கலாம். மெருகுக்காக இன்றியமையாததைப் பணயம் வைப்பது தலைகீழ். (அந்த முத்தும் யாரோ ஒருத்தியின் கழுத்துக்கு மெருகாகத்தானே போயிற்று என்று ஒருவர் நம்மைக் கேட்டால், நம்மிடம் சுலபமான பதில் இல்லை.)

கண்ணின் விலை என்ன என்று ஷரீஅத் கணக்கும் சொல்லியிருக்கிறது. ஒருவன் மற்றவனின் இரு கண்களையும் போக்கினால் ஓர் உயிருக்குரிய முழு தியத், அதாவது 100 ஒட்டகங்கள். ஒரு கண்ணுக்கு அதில் பாதி. அயலான் தவறிப் பறித்தால் 50 ஒட்டகம் கொடுக்க வேண்டிய பொருளை, ஒரு கல்யாண மேடைக்காக நாமே ஊசிமுனையில் நீட்டலாமா? நம் கைகளாலேயே நம்மை அழிவில் தள்ளிக்கொள்வதை அல்பகரா அத்தியாயத்தின் 195ஆம் வசனம் தடுப்பது நினைவில் இருக்கட்டும்.

ஊசி போடுகிறவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வைத்தியம் தெரியாமல் வைத்தியம் பார்த்தவன் விளைவுக்குப் பொறுப்பாளி என்ற கருத்துள்ள ஹதீஸை அபூதாவூதும் நஸாயீயும் இப்னு மாஜாவும் எடுத்தெழுதியிருக்கிறார்கள்.   மருதாணி இடும் கையும் ஊசி ஏற்றும் கையும் ஒன்றல்ல என்பதில் சட்டமும் ஷரீஅத்தும் ஒத்துப்போகின்றன. இரண்டு நாள் பயிற்சிச் சான்றிதழைச் சுவரில் மாட்டிக்கொண்டு ஊசி எடுப்பவர்களிடம் நம் பெண்மக்களை அனுப்புவது பெரும் பிழை.

மறுநாள் மக்ரிபுக்குப் பின் நாமே அந்தக் காக்கா வீட்டுக்குப் போனோம். நேற்று அவசரத்தில் சொன்னோம், அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று சொன்னோம். ஊசிக்குக் குறித்திருந்த நாள் இன்னும் இரண்டு தினம் இருந்தது, அல்ஹம்து லில்லாஹ். கண் மருத்துவர் சொன்னதையும் விளக்கினோம். முதலில் இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள், சோகை இருந்தாலும் முகம் வெளுத்து இப்படிச் சோர்ந்து தோன்றும், தூக்கம் சரியாக இருக்கிறதா பாருங்கள் என்று அவர் சொல்லியனுப்பியதையும் சொன்னோம். காக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து அந்தப் பெண் பேசினாள். "ஆலிம்சா, நேத்து கூடும்னீங்க, இன்னிக்குக் கூடாதுங்கிறீங்க. ரெண்டுக்கும் சரின்னு சொல்லிட்டேன். அவுங்க சொன்னது மட்டும் கூடுமா?"

நமக்கு உடனே பதில் வரவில்லை. ஒருவரையொருவர் பரிகசிக்காதீர்கள், குறை கூறாதீர்கள் என்று பெண்களைத் தனியாகவே பெயர் சொல்லி எச்சரிக்கும் வசனம் அல்ஹுஜுராத்தில் இருக்கிறது. அதை நாம் எத்தனை ஜும்ஆவில் ஓதியிருக்கிறோம்! பெண் பார்க்கும் வீடுகளுக்குள் அது போய்ச் சேர்ந்ததா என்று பார்த்ததில்லை. நம் பகுதியில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்கும் வழக்கம் உண்டு. தங்கப்போவது அவள் வீட்டில். எடைபோடப்படுவது மட்டும் அவள் முகம். ஒரு தீங்கை அதைப் போன்ற இன்னொரு தீங்கால் நீக்கக் கூடாது என்பது ஃபிக்ஹின் விதிகளில் ஒன்று. ஒரு நாவு செய்த காயத்துக்கு ஊசியால் மருந்து தேடுவதைத்தான் நாம் அந்தப் பிள்ளைக்குக் கூடும் என்று சொல்லியிருந்தோம். ஊசி கூடாது என்று அவளிடம் சொல்ல நமக்கு ஒரு நாள் பிடித்தது. அந்தச் சொல் கூடாது என்று உரியவர்களிடம் சொல்ல நாம் இதுவரை ஓர் அடியும் எடுத்து வைத்திருக்கவில்லை.

"கூடாது, தங்கச்சி" என்றோம். மாப்பிள்ளையின் வாப்பா நமக்கு அறிமுகமானவர்தான். அவரைப் பார்த்துப் பேச, காக்காவிடம் சம்மதம் கேட்டோம். அவர் தயங்கினார், பேசி முடித்த சம்பந்தம், பிள்ளையின் பெயர் கெட்டுவிடக் கூடாது என்றார். திரைக்குப் பின்னால் உம்மாவும் மகளும் தணிந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு உம்மா, "போய்ச் சொல்லட்டும்" என்றார்கள். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் போவதாக ஏற்பாடு.